கண்ணுக்குத் தெரியும், கைக்கு வராது

2007ஆம் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வீட்டு மேசைக் கணினியில் லினக்ஸ் ஓடுகிறது. ஒரு ஹார்டு டிஸ்க் நிறையக் குடும்பப் படங்கள், எல்லாவற்றுக்கும் ஆசையாகத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறீர்கள். வீட்டில் எல்லாரும் பார்க்கட்டும் என்று ஒரு சிறிய சேமிப்புப் பெட்டி வாங்கி, அந்த டிஸ்க்கைக் கழற்றி அதில் மாட்டுகிறீர்கள். பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான்.

கோப்புறையைத் திறந்தால் பெயர்கள் வரிசையாக வருகின்றன. 'ram' என்ற படத்தைத் தட்டினால் திறக்கிறது. 'அம்மா' என்ற படத்தைத் தட்டினால், அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது பெட்டி. பெயரைக் காட்டியது யார்? அதே பெட்டிதான். தானே காட்டிய பெயரைத் தானே தெரியாது என்று சாதிக்கிறது.

டிஸ்க்கில் கீறல் இல்லை, வைரஸ் இல்லை. திரும்பப் பழைய கணினியில் மாட்டினால் 'அம்மா' சமர்த்தாகத் திறந்துகொள்கிறது. இந்த விசித்திரத்துக்குக் காரணமான பிழை லினக்ஸின் கோப்பு முறைமைக்குள் சில ஆண்டுகள் இருந்தது. 2008 அக்டோபரில் திருத்தினார்கள். அதைப் புரிந்துகொள்ளக் கணினிப் படிப்பு வேண்டாம். கல்யாண வீட்டு மொய் நோட்டைப் பார்த்திருந்தால் போதும்.

கோப்புறை ஒரு நோட்டு

கோப்புறை என்றதும் காகிதங்களைப் போட்டுவைக்கும் பை மனதில் வரும். உண்மையில் அதற்குள் ஒரு படம்கூடக் கிடையாது. அது ஒரு நோட்டு. ஒவ்வொரு வரியிலும் ஒரு பெயர், பக்கத்தில் ஓர் எண். அந்த எண்ணை வைத்துத்தான் படம் டிஸ்க்கில் எங்கே கிடக்கிறது என்று கணினி கண்டுபிடிக்கிறது. இந்த நோட்டை எழுதுவதும் படிப்பதும் கோப்பு முறைமை இயக்கி என்ற நிரலின் வேலை. இயங்குதளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லினக்ஸ் கணக்குப்பிள்ளை மொய் எழுதுகிறவரைப் போலத்தான் எழுதிவந்தார். வந்தவர் வந்த வரிசையில் பெயர். கல்யாணம் முடிந்து, 'திருச்சிச் சித்தப்பா எவ்வளவு எழுதினார்?' என்று யாராவது கேட்டால் முதல் பக்கத்திலிருந்து விரலை ஓட்ட வேண்டும். ஐம்பது பெயர் என்றால் சிரமமில்லை. ஐம்பதாயிரம் பெயர் என்றால் ஒவ்வொரு கோப்பைத் திறக்கும்போதும் நோட்டு முழுவதையும் புரட்ட நேரும்.

பெயருக்கு ஒரு எண்

2001இல் டேனியல் பிலிப்ஸ் என்ற நிரலாளர் இதற்கு ஒரு வழி சொன்னார். அடுத்த ஆண்டே அது லினக்ஸில் சேர்ந்து, எக்ஸ்ட்3 என்ற கோப்பு முறைமைக்கும், பிறகு அதன் வாரிசான எக்ஸ்ட்4க்கும் வந்தது.

அந்த வழியைச் சொல்ல நியூமராலஜி கைகொடுக்கும். பெயரின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு. கூட்டினால் 'பெயர் எண்'. எதிர்காலம் அதில் தெரியுமா என்பதை விடுங்கள். எந்தப் பெயரையும் எண்ணாக மாற்றிவிடலாம் என்பதும், ஒரே முறையில் கணக்குப் போட்டால் ஒரே பெயருக்கு எப்போதும் ஒரே எண் வரும் என்பதும் உண்மை. கணினியும் இதையே செய்கிறது. அது தரும் எண்ணை இந்த அத்தியாயத்தில் 'பெயரெண்' என்று அழைப்போம். ஆங்கிலத்தில் இதற்கு ஹேஷ் என்று பெயர்.

பிலிப்ஸின் முறையில் நோட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. இந்த எண்ணிலிருந்து இந்த எண்வரை உள்ள பெயர்கள் இந்தப் பக்கம். முகப்பில் ஓர் அட்டவணை, எந்த எல்லை எந்தப் பக்கம் என்று சொல்லும். பெயரைக் கொடுத்ததும் கணக்குப்பிள்ளை பெயரெண் போடுகிறார், அட்டவணையைப் பார்க்கிறார், நேரே அந்தப் பக்கத்துக்குப் போகிறார்.

ஒரு பக்கம் பொதுவாக 4096 பைட். பைட் என்பது ஓர் ஆங்கில எழுத்தை வைக்கப் போதுமான இடம். அட்டவணைப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ 500 பக்கங்களுக்கு வழி எழுதலாம். முன்பு 500 பக்கத்தையும் புரட்ட வேண்டிய இடத்தில், இப்போது அட்டவணை ஒன்று, உரிய பக்கம் ஒன்று, ஆக இரண்டே பக்கம் படித்தால் போதும்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எழுதியவரும் தேடுகிறவரும் ஒரே முறையில் கணக்குப் போட வேண்டும். நியூமராலஜியில் கல்தேய முறை, பித்தாகரஸ் முறை என்று இரண்டு உண்டு. 'RAM' என்ற பெயருக்குக் கல்தேய முறையில் 7 வரும்; பித்தாகரஸ் முறையில் 14, அதாவது 5. முன்னதை வைத்து அடுக்கிய நோட்டில் பின்னதை வைத்துத் தேடினால் பெயர் எங்கே கிடைக்கும்?

ஒரு குட்டி நோட்டு

நாமே ஒரு நோட்டு போட்டுப் பார்ப்போம். உண்மையான பெயரெண் கணக்கு இதைவிடச் சிக்கலானது, சாரம் இதுதான்.

விதி எளிது. கையில் இருக்கும் தொகையை மூன்றால் பெருக்கு, அடுத்த பைட்டைக் கூட்டு. பெயர் முடியும்வரை இப்படியே. நோட்டில் மூன்று பக்கம். 0 முதல் 999 வரை முதல் பக்கம், 1000 முதல் 1999 வரை இரண்டாம் பக்கம், 2000 முதல் 2999 வரை மூன்றாம் பக்கம்.

முதலில் 'ram'. கணினிக்குள் r என்பது 114, a என்பது 97, m என்பது 109. முதலில் 114. அதை மூன்றால் பெருக்கி 97ஐக் கூட்டினால் 439. மறுபடி மூன்றால் பெருக்கி 109ஐக் கூட்டினால் 1426. 'ram' இரண்டாம் பக்கத்துக்குப் போகிறது.

அடுத்து ஒரு தமிழ்ப் பெயர். எந்தப் பூச்சியோ கேமராவில் வந்து உட்கார்ந்தது, அந்தப் படத்துக்கு 'ஈ' என்று பெயர் வைத்தீர்கள். ஒரே எழுத்துதான். ஆனால் இன்று பரவலாக வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். 'ஈ' என்பது 224, 174, 136 என்று மூன்று எண்களாக டிஸ்க்கில் உட்காருகிறது.

இந்த எண்களைக் கவனியுங்கள். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 128க்குக் கீழே. தமிழின் பைட்டுகள் எல்லாம் 128ஐத் தொட்டோ தாண்டியோ நிற்கின்றன. தமிழில் எந்தக் குறியீட்டை எடுத்தாலும் முதல் பைட் 224, இரண்டாவது 174 அல்லது 175. நம் கதையின் வில்லன் இந்த 128 என்ற எல்லைக்கோட்டில்தான் நிற்கிறான்.

ஒரே முள், இரண்டு வாசிப்பு

கடிகாரத்தில் பெரிய முள் பத்தில் நிற்கிறது. ஒருவர் 'ஒன்பது ஐம்பது' என்கிறார். இன்னொருவர் 'பத்தாகப் பத்து நிமிஷம் இருக்கு' என்கிறார். ஒருவருக்கு அது 50, மற்றவருக்குப் பத்து குறைவு. முள் நகரவில்லை, இருவரும் தவறாகச் சொல்லவும் இல்லை. முள் இரண்டில் நின்றால் இருவருமே 'பத்து நிமிஷம் ஆச்சு' என்பார்கள். அரை மணியைத் தாண்டிய பிறகுதான் பேச்சு பிரிகிறது.

பைட் என்பது 256 பிரிவு கொண்ட கடிகாரம். அதன் அரை மணி 128. அதற்குக் கீழே எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும். அதைத் தொட்டால், சில கணினிகள் 224ஐ 224 என்றே படிக்கும். சில கணினிகள் 'முழுச் சுற்றுக்கு இன்னும் 32 குறைகிறது' என்று கணக்கிட்டு, கழித்தல் 32 என்று படிக்கும். முதல் வகையைக் குறியற்ற வாசிப்பு என்றும், கழித்தல் குறி வரும் இரண்டாம் வகையைக் குறியுள்ள வாசிப்பு என்றும் சொல்லலாம்.

மேசைக் கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகைச் செயலியில் லினக்ஸின் வழக்கம் குறியுள்ள வாசிப்பு. சேமிப்புப் பெட்டிகளிலும் கைப்பேசிகளிலும் இருக்கும் ஆர்ம் வகைச் செயலியில் குறியற்ற வாசிப்பு. பவர்பிசி செயலியும் ஐபிஎம் மெயின்ஃப்ரேமும் ஆர்ம் பக்கம்.

இனி 'ஈ'யின் பெயரெண்ணை இரண்டு இடத்திலும் போடுவோம்.

சேமிப்புப் பெட்டியில்: முதலில் 224. மூன்றால் பெருக்கி 174ஐக் கூட்டினால் 846. மறுபடி பெருக்கி 136ஐக் கூட்டினால் 2674. மூன்றாம் பக்கம்.

மேசைக் கணினியில்: முதல் பைட் கழித்தல் 32, இரண்டாவது கழித்தல் 82, மூன்றாவது கழித்தல் 120. அதே விதிப்படி போனால் முதலில் கழித்தல் 32, பிறகு கழித்தல் 178, கடைசியில் கழித்தல் 654. குறியை விட்டுவிட்டால் 654. முதல் பக்கம்.

மேசைக் கணினி 'ஈ'யை முதல் பக்கத்தில் எழுதிவைத்தது. பெட்டி அதை மூன்றாம் பக்கத்தில் தேடுகிறது. அங்கே இல்லை. ஆகவே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று முழு நம்பிக்கையோடு சொல்கிறது. 'ram' இரண்டு இடத்திலும் 1426தான், அதனால் அதற்கு ஒரு குறையும் இல்லை.

பட்டியலில் மட்டும் எப்படி வந்தது?

பட்டியல் போடுவது வேறு வேலை. குறிப்பிட்ட பெயரைத் தேட வேண்டாம். முதல் பக்கத்தில் தொடங்கி, இருப்பதையெல்லாம் வாசித்துக்கொண்டு போனால் போதும். முதல் பக்கத்தில் 'ஈ' இருந்தது, வாசித்துவிட்டது. தேடச் சொன்னபோதுதான் அட்டவணை வழியாகப் போய்த் தப்பான பக்கத்தைத் திறந்தது.

எதிர்த்திசையில் நடந்தால் இன்னும் மோசம். பெட்டியில் எழுதிய டிஸ்க்கை மேசைக் கணினிக்குக் கொண்டுவருகிறீர்கள் என்று வையுங்கள். 'ஈ' மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இயக்கி பட்டியல் போடும்போதும் பெயரெண் வரிசையைச் சரிபார்த்துக்கொண்டே போகும். மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது அது 2000ஐக் கடந்திருக்கும். அங்கே 'ஈ'க்குக் கணக்குப் போட்டால் 654 வருகிறது. 'இதை முன்பே கொடுத்திருப்பேன்' என்று தாண்டிப் போய்விடும். படம் பட்டியலிலேயே வராது.

இன்னொரு கூத்தும் உண்டு. 'ஈ'யைத்தான் காணோமே என்று அதே பெயரில் படத்தைப் பெட்டியில் மறுபடி நகலெடுத்தால் என்ன ஆகும்? பெட்டி மூன்றாம் பக்கத்தைப் பார்க்கும், அங்கே 'ஈ' இல்லை, சரி என்று எழுதிவிடும். இப்போது ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்பு. எந்தக் கோப்பு முறைமையிலும் நடக்கக்கூடாத காரியம் இது.

ஏன் பலருக்குத் தெரியவே இல்லை?

இந்தப் பிழை வெளியே வர மூன்று விஷயங்கள் கூடிவர வேண்டும்.

முதலாவது, கோப்புறை பெரிதாக இருக்க வேண்டும். நோட்டு ஒரே பக்கத்தில் அடங்கும்வரை அட்டவணையே கிடையாது. மொய் நோட்டு முறையில் மேலிருந்து கீழே படிப்பதுதான். 'அம்மா' என்ற பெயருக்கு 15 பைட், கூடவே வரும் குறிப்புகளோடு 24 பைட். அந்த அளவுப் பெயர்கள் ஏறத்தாழ 170 ஒரு பக்கத்தில் அடங்கும். அதுவரை எந்தச் சிக்கலும் தலைகாட்டாது. இருநூறாவது படத்தைப் போட்ட பிறகு ஆரம்பிக்கும்.

இரண்டாவது, டிஸ்க் ஒரு வகைச் செயலியிலிருந்து மற்ற வகைக்கு இடம்பெயர வேண்டும். ஒரே இயந்திரத்தில் எழுதி, அதிலேயே படித்தால் எந்த வாசிப்பாக இருந்தாலும் கணக்கு தனக்குள் ஒத்துப்போகும்.

மூன்றாவது, பெயரில் 128ஐத் தொடும் ஒரு பைட்டாவது இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் பெயர் வைப்பவர் ஆயுள் முழுக்க டிஸ்க்கை மாற்றி மாற்றி மாட்டினாலும் இதைப் பார்க்க மாட்டார். தமிழ், இந்தி, அரபி, சீனம் என்று எழுதுகிறவர்களுக்கே இந்த அடி விழும். மேலே இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்து ஒன்று பெயரில் வந்தாலும் போதும்.

யார் செய்த தவறு?

லினக்ஸ் எழுதப்பட்ட சி மொழியில் ஒரு பைட்டைக் குறிக்கும் சொல் 'சார்'. அதற்குக் குறி உண்டா இல்லையா என்பதை அந்த மொழி தீர்த்துச் சொல்லவில்லை. இயந்திரத்துக்கு எது வசதியோ அப்படி என்று விட்டுவிட்டது.

அதற்கும் காரணம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி சி மொழியை வளர்த்தது பிடிபி-11 என்ற கணினியில். ஒரு பைட்டை உள்ளே எடுத்தால் அந்த இயந்திரம் தானாகவே குறியோடு படிக்கும். குறி வேண்டாம் என்றால் கூடுதலாக ஒரு கட்டளை செலவாகும். ஐபிஎம் மெயின்ஃப்ரேமில் நிலைமை நேர் எதிர். அங்கே ஆங்கில 'A'யின் எண்ணே 193. குறியோடு படித்தால் எழுத்துகளெல்லாம் கழித்தல் எண்ணாகிவிடும். ஆரம்பகால ஆர்ம் செயலியிலோ பைட்டைக் குறியோடு எடுக்கும் கட்டளையே கிடையாது. மூன்று வீட்டுக்கும் ஒரே சட்டம் போட்டால் யாராவது ஒருவருக்கு வேகம் குறையும். அதனால் மொழி ஒதுங்கிக்கொண்டது.

பெயரெண் நிரலை எழுதியவர்கள் வெறுமனே 'சார்' என்று எழுதினார்கள். கைக்கு எட்டிய கணினியெல்லாம் எக்ஸ்86. அதில் குறியுள்ள வாசிப்பு தானாக நடந்தது, சோதித்தபோது எல்லாம் சரியாக வந்தது. நிரல் கணினியின் நினைவகத்துக்குள் மட்டும் வேலை செய்திருந்தால் இதில் ஒரு கேடும் இல்லை. ஆனால் டிஸ்க் இடம் மாறும். நாளைக்கு வேறொரு இயந்திரம் படிக்கப்போகும் கடிதம் அது. எந்தக் கணக்கில் எழுதியது என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாததுதான் இங்கே நடந்த தவறு.

திருத்தியது எப்படி?

'இனிமேல் எல்லா இயந்திரமும் குறியோடு படிக்கட்டும்' என்று சட்டம் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டிருந்தால் ஆர்மிலும் பவர்பிசியிலும் ஏற்கெனவே எழுதப்பட்ட டிஸ்க்குகள் அத்தனையும் ஒரே இரவில் கோளாறாகியிருக்கும். எல்லா நோட்டையும் கலைத்துப் புதிதாக அடுக்கலாமா? ஊரில் உள்ள ஒவ்வொருவர் டிஸ்க்கையும் அப்படிக் கலைக்க முடியாது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் நிரலிடம் விட்டாலும் பிரச்சினை இடம் மாறும், தீராது. ஒரு வகை இயந்திரத்தின் கணக்குக்கு ஏற்றபடி அடுக்கினால் மற்ற வகை இயந்திரத்தில் தப்பாகும்.

கோப்பு முறைமையைப் பராமரித்துவந்த தியோடர் சோ இன்னொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். டிஸ்க்கின் தொடக்கத்தில் சூப்பர் பிளாக் என்ற ஒரு பகுதி உண்டு. நோட்டின் அட்டையில் எழுதும் விவரம் போல, டிஸ்க்கைப் பற்றிய தகவல்கள் அதில் இருக்கும். அங்கே இரண்டே இரண்டு பிட் ஒதுக்கினார்கள். எரியவோ அணையவோ மட்டும் தெரிந்த குட்டி விளக்கு என்று பிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எரிந்தால் 'இந்த நோட்டு குறியுள்ள கணக்கில் எழுதியது' என்று பொருள். மற்றது எரிந்தால் 'குறியற்ற கணக்கு'.

இயக்கிக்குள் பெயரெண் கணக்கு முன்பே மூன்று விதமாக இருந்தது. 0, 1, 2 என்று அவற்றுக்கு எண். ஒவ்வொன்றுக்கும் குறியற்ற உடன்பிறப்பு ஒன்று எழுதி 3, 4, 5 என்று எண் கொடுத்தார்கள். இப்போது இயக்கி அட்டையைப் பார்க்கும். குறியற்ற கணக்கு என்று இருந்தால் எண்ணோடு 3ஐக் கூட்டிக்கொள்ளும். தான் ஓடுவது எந்தச் செயலி என்பதை அது இனிமேல் பொருட்படுத்துவதில்லை.

அட்டையில் ஒன்றுமே எழுதாத பழைய டிஸ்க் வந்தால்? 'இந்த இயந்திரத்தில் எழுதியதாகத்தான் இருக்கும்' என்று நம்பி, இதன் வழக்கத்தையே அட்டையில் குறித்துவிடும். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. முதன்முதலாக மாட்டுவது வேறு வகை இயந்திரமாக இருந்தால் குறிப்பே தப்பாகிவிடும். இருந்தும் பெரும்பாலான டிஸ்க்குகள் பிறந்த வீட்டிலேயே இருப்பவை. ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு எங்கே போனாலும் கவலையில்லை.

டிஸ்க்கில் குறித்துவைக்கும் ஏற்பாடு துணை நிரல்களில் 2006 வாக்கிலேயே வந்துவிட்டது. அதைப் படித்து நடந்துகொள்ளும் பகுதி லினக்ஸின் கருவுக்குள் வர 2008 அக்டோபர் ஆனது. இடையில் இரண்டு ஆண்டு அட்டையில் எழுதியிருந்தது, வாசிக்க ஆளில்லை.

பதினைந்து ஆண்டு கழித்து

இந்தக் குழப்பமே வேண்டாம் என்று 2023இல் வெளிவந்த லினக்ஸ் 6.2இல் ஒரு முடிவெடுத்தார்கள். கரு நிரல் முழுவதிலும், எந்தச் செயலியாக இருந்தாலும், 'சார்' குறியற்றதே. நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் பதிப்பைச் சோதித்துக்கொண்டிருந்தபோது எக்ஸ்ட்4இன் இன்னொரு மூலையிலிருந்து அதே சிக்கல் தலைநீட்டியது. கோப்புகளோடு ஒட்டிவைக்கும் கூடுதல் குறிப்புகளின் பெயருக்கும் ஒரு பெயரெண் உண்டு. அதுவும் வெறும் 'சார்' வைத்து எழுதியது. இந்த முறை, இரண்டு கணக்கில் எது ஒத்துவந்தாலும் ஏற்றுக்கொள் என்று இயக்கிக்குச் சொல்லித் தப்பித்தார்கள். 2008இல் திருத்திய கோப்புறை அட்டவணையோ இந்த மாற்றத்தில் தடுமாறவில்லை. எந்தக் கணக்கு என்பது அதன் அட்டையில் எழுதியிருந்ததே!

இதைப் படிக்கும் உங்களில் யாராவது நிரல் எழுதுபவராகவோ சோதிப்பவராகவோ இருந்தால் ஒரு வேண்டுகோள். சோதனைக் கோப்புகளுக்கு 'test1', 'test2' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள். 'அம்மா' என்றும் 'ஈ' என்றும் ஒரு முந்நூறு கோப்பு போட்டுப் பாருங்கள். நீங்கள் வைக்கிற 'test1' உலகத்து எல்லாக் கணினியிலும் திறக்கும். அதனால்தான் அதை வைத்துச் சோதித்தால் இந்தப் பிழை அகப்படாது.